ஜன்னல் நிலைக்கு வேலிக்காத்தானா, கத்திச் சவுக்கா?

கடலூருக்கு மேற்கே தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டியபோது, ஆறு ஜன்னல்களுக்கும் தாழ்வாரத்துக்கும் மரம் தேவைப்பட்டது. கொல்லைக்குப் பின்னால் அரை ஏக்கர் தரிசை வேலிக்காத்தான் அடைத்துக்கொண்டு நிற்க, கப்பலேறி வரும் வெளிநாட்டு மரத்துக்கு வாடியில் கன அடிக் கணக்கில் விலை பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. உறவினர் ஒருவரின் தோப்பில், பெயரில் சவுக்கு இருந்தாலும் அகேசியா வகையைச் சேர்ந்த கத்திச் சவுக்கும் வெட்டுக்குத் தயாராக இருந்தது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். நிலைக்கு என்றால் வேலிக்காத்தான் பக்கமே நிற்கிறேன்.

இரண்டும் நம் மண்ணின் மரங்கள் அல்ல. சீமைக் கருவேலம் என்று எழுதப்படும் வேலிக்காத்தான் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காக விதைத்தார்கள். கத்திச் சவுக்கு ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து மரம். வெட்டப்பட்டபின் வேலிக்காத்தான் பெரும்பாலும் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும்தான் போகிறது. வைரம் பாய்ந்த ஒரு மரத்தை ஒரே இரவில் புகையாக்கிவிட்டு, வீட்டுக்கு வேறு மரம் தேடுவது பெரும் வீண் என்றே கருதுகிறேன்.

கத்திச் சவுக்கின் சிறப்பை மறைக்க விரும்பவில்லை. அது நேராக வளர்கிறது, பத்து பன்னிரண்டு அடி நீளம் எளிதாகக் கிடைக்கிறது, மில்லில் தொல்லையில்லாமல் அறுபடுகிறது. ஆரோவில்லின் வறண்ட செம்மண் மேட்டைப் பசுமையாக்கிய தொடக்கக் காலத்தில் இதையும் நட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அங்கு ஏராளமான மரங்கள் சாய்ந்தன, இதுவும் நிறையவே விழுந்தது. தாழ்வாரத்தின் கைமரங்களுக்கு நான் இதைத்தான் போட்டேன். அந்த வேலைக்கு வேலிக்காத்தானை யோசிக்கவே முடியாது. எங்கள் தரிசில் இருந்தவற்றில் ஐந்தடிக்கு மேல் நேரான துண்டு ஒன்றுகூடத் தேறவில்லை. கோணல் கட்டைகளை அறுக்க முதலில் போன மில்லில் மறுத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்ட இடத்திலும் ரம்பம் விரைவில் மழுங்கியது. துளையிடாமல் அடித்த ஆணிகள் வளைந்தன.

இத்தனைக்குப் பிறகும் அதையே நிலைக்குப் பரிந்துரைக்கக் காரணம், அது மிகக் குறைவாகச் சுருங்கும் மரம் என்பதுதான். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும். சித்திரையில் அதே காற்று மரத்தை உறிஞ்சிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பாலான மரங்கள் ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் அசைவதால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. வேலிக்காத்தானோ இரண்டு திசைகளிலும் சிறிதளவே, அதுவும் ஏறக்குறைய சமமாகவே சுருங்குகிறது. டெக்சாஸில் அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் தரைப்பலகைக்கு விரும்பப்படுவதும், சான் அன்டோனியோ நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை அறுகோணத் துண்டுகளாக்கித் தெருவிலேயே பாவியதும் இந்த இயல்பை வைத்துத்தான் விளங்குகின்றன. எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகைப் பக்கத்து ஜன்னல் ஒன்றை மட்டும் கத்திச் சவுக்கில் செய்தோம். முதல் கோடையிலேயே அதன் மூலைப் பொருத்து விரிந்து, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. அடுத்த மழையில் கதவு இறுகி, இருமுறை இழைக்க வேண்டியதாயிற்று. மற்ற ஐந்து ஜன்னல்களில் இழைப்புளி இன்னும் படவில்லை. செய்த கூலியைவிட, வருடந்தோறும் ஆசாரியை அழைத்துச் சரிசெய்யும் கூலிதான் வீட்டுக்காரனைக் களைக்க வைக்கும் என்பதை இந்த ஒரு ஜன்னலே எனக்குக் கற்றுத் தந்தது.

ஆனால் இந்தப் பலன் மரத்தின் நடுவில் இறுகியிருக்கும் வைரத்துக்கு மட்டுமே உரியது. செம்பழுப்பு வைரத்தைச் சுற்றி வெளிர்மஞ்சளாக இருக்கும் வெள்ளைப் பகுதியை வண்டு விடுவதேயில்லை. வெள்ளையோடு ஒதுக்கி வைத்த ஒரு துண்டின் கீழ் மூன்றே மாதத்தில் மைதா மாவு கொட்டியதுபோல் தூள் குவிந்திருந்தது. ஆகவே வெள்ளையை முழுக்கச் சீவித் தள்ளினோம். கட்டையில் ஏறக்குறைய பாதி விறகாகப் போயிற்று. வெட்டிய வாரத்திலேயே பலகையாக அறுத்து, முனைகளில் பழைய பெயிண்ட் பூசி, இடையிடையே ரீப்பர் என்னும் மெல்லிய சட்டத் துண்டு கொடுத்து நிழலில் ஓராண்டுக்கு மேல் அடுக்கி வைத்தோம். சுவரில் பதியும் பக்கங்களுக்கு மட்டும் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயைக் கரையானுக்காகப் பூசினோம். கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது, தோல் வெந்துவிடும்.

தலைவாசலுக்கு இதைப் போடவில்லை. நீளம் போதாதது ஒரு காரணம், "முள்ளு மரத்துல தலைவாசல் வச்சா வீட்டுக்கு ஆவுமாண்ணே?" என்று ஆசாரி கேட்டது மறு காரணம். அவர் மனம் கோணாமல் வேம்பில் செய்தோம். ஜன்னல்களும் இதுவரை மூன்று மழைக்காலங்களையே கண்டிருக்கின்றன. இருபது ஆண்டு நிற்கும் என்று இப்போதே சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நேரடியாக மழை அடிக்கும் இடத்திலும் நான் இதைச் சோதிக்கவில்லை.

இன்னொன்றையும் கவலையோடு சொல்ல வேண்டும். விலை கிடைக்கிறது என்று இம்மரத்தை வளர்க்கத் தொடங்கினால் நோக்கமே கெட்டுவிடும். தமிழ்நாடு அரசு இதுபோல் ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்ற 2022இல் கொள்கையே வகுத்திருக்கிறது. தரைமட்டத்தில் வெட்டினால் மிஞ்சும் கட்டையிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும் என்பதால், பொக்லைன் வைத்து வேரோடு பெயர்த்தோம். அந்த அரை ஏக்கரில் இப்போது புங்கனும் நாவலும் இடுப்புயரம் வந்துவிட்டன. விதையிலிருந்து எழும் வேலிக்காத்தான் கன்றுகளை ஒவ்வொரு மழைக்குப் பின்னும், மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.