200 மணி நேரம் ஓட விடச் சொன்னால் உஷார்: ஸ்ட்ரீமர் பெட்டியில் போன 42,000

ஆம்ப் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, பாட்டு மட்டும் நெட்வொர்க் வழியாக வந்தால் போதும் என்று ஸ்ட்ரீமர் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 42,000 போய்விட்டது. இன்று காலையில்தான் புகாரைத் "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடினார்கள். என்ன தீர்ந்தது என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

வாங்கியது யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய ஓர் ஆன்லைன் சந்தையில். விற்றவர் அதில் ஆடியோ சாமான் மட்டும் விற்கிறவர். விளம்பரத்தில் இருந்தது இது: 24/192 (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்) வரை பிட் பெர்ஃபெக்ட் (கோப்பில் இருப்பது ஒரு பிட்கூட மாறாமல் வருவது), உள்ளே இஎஸ்9038 டாக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்), டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் உள்ள பாட்டுகளை ஓட்டும் முறை), ஸ்பாட்டிஃபை கனெக்ட், கேப்லெஸ் (பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல்), ஈதர்நெட், கோஆக்ஸியல் அவுட் (டிஜிட்டல் சிக்னலை வெளியே கொடுக்கும் சாக்கெட்). கனமான அலுமினியப் பெட்டி. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

பெட்டியின் பளபளப்பை நம்பி வாங்கவில்லை. அந்த ஆளின் பேச்சை நம்பி வாங்கினது. ஆர்டர் போடும் முன்பே அவராகவே சொன்னார்: "ப்ரோ, ஆம்ப்ல போனோன்னு எழுதியிருக்கிற சாக்கெட்ல மட்டும் சொருகிடாதீங்க. ஆக்ஸ், சிடி, லைன் எதுல வேணா போடுங்க." சரியான பேச்சு. ஸ்ட்ரீமரின் லைன் அவுட் 2 வோல்ட் அளவில் வரும். போனோ சாக்கெட் ரெக்கார்ட் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. அதை நூறு மடங்கு பெருக்கி, பேஸையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். அதில் 2 வோல்ட் போனால் வருவது பாட்டல்ல, இரைச்சல். அடுத்து, "உங்களுது வால்யூம் உள்ள ஆம்பா, வெறும் பவர் ஆம்பா? பவர் ஆம்ப்னா அவுட்புட்டை ஃபிக்ஸட்ல வைக்காதீங்க, எடுத்த எடுப்புலயே முழுச் சத்தம் வந்து ஸ்பீக்கர் போயிடும்" என்றார். இதுவும் நூற்றுக்கு நூறு சரி. இவ்வளவு விவரம் தெரிந்தவர் குப்பையை விற்பாரா என்று தோன்றிய அந்த நிமிடத்தில்தான் 42,000 கை மாறியது. விவரம் தெரியாதவரால் இவ்வளவு நேர்த்தியாக ஏமாற்ற முடியாது என்பது இப்போது உறைக்கிறது.

பார்சல் வந்த அன்று இன்னொரு அறிவுரை. "புதுசுல கொஞ்சம் கரகரன்னுதான் கேக்கும் ப்ரோ. 200 மணி நேரம் ஓட விடுங்க, அப்புறம் பேசலாம்."

இங்கே நில்லுங்கள். திருப்பி அனுப்ப அந்தச் சந்தை கொடுக்கும் அவகாசம் 7 நாள். அதாவது 168 மணி நேரம். ராப்பகலாக ஒரு நிமிடம் அணைக்காமல் ஓட்டினாலும் 200 மணி நேரம் முடிய எட்டு நாள் எட்டு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கேட்டால் ஐம்பது நாள். இது பாட்டு நன்றாகக் கேட்பதற்கான அறிவுரை இல்லை, நாள் கடத்தும் வேலை. ஸ்பீக்கரிலாவது கூம்பைச் சுற்றி ரப்பர் இருக்கிறது, அது தளரும் என்று சொல்ல ஒரு வழி உண்டு. சிப்பில் தளர என்ன இருக்கிறது? அரை மணி நேரத்தில் சூடாகி நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் காத்திருக்கச் சொல்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

முதலில் வந்த கோளாறு கேப்லெஸ். நேரலைப் பதிவு ஒன்றைப் போட்டால், ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் நடுவில் வெட்டுப்பட்டு, ஒன்றரை இரண்டு விநாடி மயான அமைதி, பிறகு மிச்சக் கைதட்டல். டிஎல்என்ஏ வழியில் கேப்லெஸ் வேண்டுமென்றால், ஓடுகிற பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டின் முகவரியை ஆப் கொடுக்க வேண்டும், அதை வாங்கி வைத்துக்கொள்ளும் வசதி பெட்டியில் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் அது இல்லை. ஒரு கோப்பு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறது. விற்றவரின் பதில்: "ரூட்டரை மாத்துங்க சார்." (பணம் போகும்வரை ப்ரோ, போன பிறகு சார்.) 24/192 ஸ்டீரியோவைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினாலும் விநாடிக்கு 9.2 மெகாபிட்தான். சிடி தரம் வெறும் 1.4. சாதாரண 100 மெகாபிட் போர்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரூட்டர் மேல் பழி போடுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், பேச்சை மாற்றுவார்.

மாற்றினார். "கேபிளை மாத்துங்க." மாற்றியாயிற்று, அதே வெட்டு. "அடுத்த மாசம் ஃபார்ம்வேர் வருது." எந்த மாதம் என்று சொல்லவில்லை.

என்ஏஎஸ்ஸில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) உள்ள பாட்டுகளும் தெரியவில்லை. "உங்க என்ஏஎஸ் செட்டிங்ல எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்க சார்" என்றார். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். எஸ்எம்பி1 என்பது கோப்பு பகிரும் பழங்கால முறை. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டுக் கடைசியில் விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. 2019-ல் சாம்பாவும் (என்ஏஎஸ்களில் கோப்பு பகிரும் மென்பொருள்) இயல்பாக அணைத்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் அதற்கும் பழசு, அதனால்தான் புது என்ஏஎஸ் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்காக நம் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டுமாம்.

ஸ்பாட்டிஃபை கனெக்ட் கதை இன்னும் மோசம். உண்மையான கனெக்ட் என்றால் போன் வெறும் ரிமோட். பாட்டை ஸ்ட்ரீமர் நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: பாட்டு ஓடும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ப்ளூடூத்தும் அணைந்ததா பாருங்கள். பாட்டு தொடர்ந்தால் கனெக்ட். இங்கே நின்றுவிட்டது. அது ப்ளூடூத். அதுவும் அடிப்படை எஸ்பிசி. விநாடிக்கு 328 கிலோபிட் அளவுக்கு நசுக்கி அனுப்புவது. இதற்கு 42,000 எதற்கு, ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர் போதுமே.

பிட் பெர்ஃபெக்ட் என்ற பேச்சை உடைத்தது தனிக் கருவியாக வரும் ஒரு டாக்கின் டிஸ்ப்ளே. வருகிற சிக்னலின் சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஆயிரம் சாம்பிள் என்பதை) எண்ணில் காட்டும் வகை அது. ஸ்ட்ரீமரின் கோஆக்ஸியல் அவுட்டை அதில் சொருகி 44.1 ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பைப் போட்டால் நீல எழுத்தில் 48. 96 போட்டால் 48. 192 போட்டாலும் அதே 48, இம்மிகூட அசையவில்லை. உள்ளே ஓடுவது டிவி பெட்டிக்கான ஆண்ட்ராய்டு. அதன் மிக்ஸர் எல்லா ஒலியையும் ஒரே ரேட்டுக்கு மாற்றித்தான் வெளியே விடும், பெரும்பாலும் 48-க்கு. 44.1-ஐ 48 ஆக்க ஒவ்வொரு 147 சாம்பிளையும் 160 ஆக்கிப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் ஒரு பிட்கூட மாறாது என்று சொல்லி விற்ற பொருளில் ஒரு சாம்பிள்கூட மாறாமல் வரவில்லை.

அப்புறம்தான் நாலு ஸ்க்ரூவைக் கழற்றியது. அலுமினியப் பெட்டியில் முக்கால்வாசி காலி. எடைக்காக அடியில் ஓர் இரும்புத் தகடு ஒட்டியிருக்கிறது. ஓர் ஓரத்தில் டிவி பெட்டி போர்டு, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு டாக் போர்டு. அதில் இருந்த 20 கால் சிப்பின் மேல் பிசிஎம்5102ஏ என்று இருக்கிறது. இஎஸ்9038 இல்லை. பிசிஎம்5102ஏ மோசமான சிப் இல்லை, மலிவு விலைப் போர்டுகளில் சுத்தமாக வேலை செய்கிற சிப்தான். சொன்னது ஒன்று, வைத்தது ஒன்று என்பதுதான் புகார்.

சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்கு வீடியோ அனுப்பியதற்கு வந்த பதில்: "பொருள் ஆன் ஆகிறது, ஒலி வருகிறது, விவரத்தில் உள்ளபடி இயங்குகிறது." டிஸ்ப்ளேயில் 48 என்று இருப்பதைச் சுட்டிக்காட்டினால், "வீடியோவில் பாட்டு கேட்கிறதே?" மூன்றாவது முறை கேட்டபோது, அவகாசம் முடிந்துவிட்டது. நாலாவது முறை, பெட்டியின் சீல் உடைந்திருப்பதால் வாரண்டி இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டு என்பார்களாம், திறந்தால் திறந்தது குற்றம் என்பார்களாம். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் 42,000 என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன், அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக நாலு:

பெட்டி வந்த அன்றே சோதியுங்கள். ஏரோப்ளேன் மோட் சோதனை, 44.1, 96, 192 என்று மூன்று கோப்புகள், ரேட் காட்டும் டாக் ஒன்று. கடன் வாங்கியாவது. ஒரு மணி நேர வேலை.

கனெக்ட் உண்டு என்று விற்றவர் சொல்வதைக் கேட்காதீர்கள். அந்தச் சேவையே வெளியிடும் சாதனப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா பாருங்கள்.

ஆப்பில் ஸ்ட்ரீமர் தெரியவில்லை என்றால், திருப்பி அனுப்பும் முன் போனும் அதுவும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. இதில் மட்டும் விற்றவர் மேல் தப்பில்லை.

திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் போட்டுவிட்டுத்தான் விற்றவரிடம் பேச்சு, 200 மணி நேரம் எல்லாம் அப்புறம். ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். அதே பெட்டி இன்று மதியம் வேறு பெயரில், வேறு படத்தோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை அதே 42,000.