பழைய ஃப்ளக்ஸுடன் சில ஆண்டுகள்: சொல்லாமல் தவிர்க்கும் கருவி

குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் (கண்டெய்னர்களாக மென்பொருளை ஓட்டும் சர்வர் தொகுப்பு), கிட்டில் எழுதியிருப்பதைத் தானாகவே கிளஸ்டருக்குக் கொண்டுசேர்க்கும் ஃப்ளக்ஸ் என்ற கருவியின் முதல் பதிப்பையே இன்னமும் ஓட்டிவரும் நண்பர் ஒருவர், அதை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டார். அதைச் சில ஆண்டுகள் அன்றாடம் பயன்படுத்தியவன் என்ற முறையில், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். கிட்ஆப்ஸின், அதாவது கிட் களஞ்சியத்தில் எழுதியபடியே கிளஸ்டரை வைத்திருக்கும் முறையின், அடிப்படைகள் தெரிந்தவர்களுக்கானது இது.

என் நேரத்தை அதிகம் தின்றது ஒரே ஒரு குறைதான். பில்டு வெற்றிகரமாக முடிந்து புதிய இமேஜ் (ஓட்டத் தயாரான மென்பொருள் தொகுப்பு) ரெஜிஸ்ட்ரி என்ற இமேஜ் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்; கிளஸ்டரிலோ பழைய இமேஜே ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ளக்ஸ்சிடிஎல் கட்டளையால் வொர்க்லோடுகளை, அதாவது கிளஸ்டரில் ஓடும் செயலிகளைப் பட்டியலிட்டால், அந்த சர்வீஸின் வரியில் 'ரெடி' என்றும், கடைசி நெடுவரிசையில் 'ஆட்டோமேட்டட்' என்றும் இருக்கும். உண்மைக் காரணம், லாகில் குவிந்துகிடக்கும் சாதாரண வரிகளுக்கு நடுவே, இமேஜின் உருவாக்க நேரம் பூஜ்யம் என்ற எச்சரிக்கையாகவும், அதன் இறுதியில் 'ஸ்கிப் கண்டெய்னர்' என்ற இரண்டு சொற்களாகவும் புதைந்திருக்கும். செய்ய வேண்டிய ஒரே வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதைப் பட்டியலில் காட்டாமலும் இருக்கும் கருவியை எப்படி நம்புவது?

செம்வெர் (1.4.2 போன்ற பதிப்பு எண் முறை) வடிகட்டி தராதவரை, இந்தப் பதிப்பு டேகின், அதாவது இமேஜுக்கு இடும் அடையாளத்தின், பெயரைப் பொருட்படுத்தாமல், இமேஜ் உருவான நேரத்தை வைத்தே எது புதியது என்று முடிவு செய்கிறது. ஆனால் ஓசிஐ என்ற கண்டெய்னர் இமேஜ் தர விவரக்குறிப்பில் உருவாக்க நேரம் கட்டாயமானதன்று. எப்போது பில்டு செய்தாலும் அதே இமேஜ் கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஜிப் (Jib) போன்ற இமேஜ் உருவாக்கும் கருவிகள் 1970 ஜனவரி 1 என்ற நேரத்தையே எல்லா இமேஜ்களுக்கும் பதிக்கின்றன. நேரமே இல்லையென்றால் ஃப்ளக்ஸ் தவிர்த்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே நேரம் என்றால் அதன் வரிசைக்குப் பொருளே இல்லை. அந்த நேரத்தை அறிய ஒவ்வொரு டேகின் விவரத்தையும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்து மெம்கேஷ்ட் என்ற தற்காலிகச் சேமிப்பில் சேமித்தாகவும் வேண்டும். 2020 நவம்பரில் பொது இமேஜ் ரெஜிஸ்ட்ரியான டாக்கர் ஹப் பதிவிறக்க வரம்புகளை விதிக்கத் தொடங்கிய பின், இந்த வழி மேலும் பலவீனமானது.

அதே கருவி தந்த மகிழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். யமல் அமைப்புக் கோப்பில் ஓர் அனோட்டேஷன் (குறிப்பு வரி) சேர்த்தால் போதும். தானியங்கி வெளியீடு தொடங்கிவிடும். ஒவ்வொரு மாற்றமும் 'ஆட்டோ-ரிலீஸ்' என்று தொடங்கும் கமிட்டாக கிட்டில் பதிவாகும் என்பதால், நள்ளிரவில் ஏதேனும் பழுதானால் எந்த இமேஜ் எப்போது போனது என்று யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் பதிப்பில் இதற்கே இமேஜ் ரிப்பாசிட்டரி, இமேஜ் பாலிசி, இமேஜ் அப்டேட் ஆட்டோமேஷன் என மூன்று ஆப்ஜெக்ட்டுகளை எழுத வேண்டும். ஆனால் அங்கே உருவாக்க நேரத்தை நம்பும் வழக்கம் கைவிடப்பட்டு, டேகின் பெயரே செம்வெர், எண் அல்லது அகரவரிசைப்படி ஒப்பிடப்படுகிறது. பாலிசி தோற்றால் அந்த ஆப்ஜெக்ட்டின் நிலையிலேயே காரணம் தெரிகிறது.

இரண்டில் எளியது எது என்று கேட்டால் இன்றும் பழையதையே சொல்வேன். ஆயினும் நண்பருக்கு நான் தந்த பதில், இந்த மாதமே அதை அகற்றிவிடுங்கள் என்பதுதான். 2022 நவம்பரில் அதன் மூலநிரல் களஞ்சியம் மூடப்பட்டுவிட்டது. பாதுகாப்புத் திருத்தம்கூட இனி வராது. மாற்றி முடிக்கும்வரை, டேகுகளைச் செம்வெர் முறைக்குக் கொண்டுவந்து, அனோட்டேஷனிலும் செம்வெர் வடிகட்டியைக் குறிப்பிடுங்கள். அப்போது உருவாக்க நேரத்தை அது பார்க்காது. கூடவே, லாகில் 'ஸ்கிப் கண்டெய்னர்' வந்தவுடன் குழுவுக்குத் தகவல் போகும்படி ஓர் எச்சரிக்கையையும் அமைத்துவிடுங்கள்.