ஹமீதியாவின் கலந்த குழம்பை வீட்டில் சமைத்தல்

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ கெம்பல் தெருவில் 1907ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் ஹமீதியா உணவகத்தின் நாசி கண்டாரில் (சோற்றோடு பல கறிகளைச் சேர்த்துத் தரும் உணவு) என் நாவில் நிலைத்தது கோழியன்று, சோற்றின்மேல் வழியும் குழம்புதான். பரிமாறுபவர் மீன் கறி, குருமா, கறுத்த கிச்சாப் (இனிப்புச் சோயா சாறு) இறைச்சி எனப் பல பாத்திரங்களிலிருந்தும் சிறிது சிறிதாக அள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார். புளிப்பும், தேங்காய்ப்பாலின் மென்மையும், கிச்சாப்பின் இனிப்பும் தட்டில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. ஆகவே, இதை ஒரே சட்டியில் சமைக்கச் சொல்லும் குறிப்பு எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்தச் சுவையைத் தராது என்பது என் உறுதியான கருத்து. அங்காடிகளில் கிடைக்கும் ஆயத்த விழுதுகளுக்கும் இதே குறை உண்டு: மசாலை முழுவதும் முன்னரே ஒன்றாகிவிடுவதால், வாய்க்கு வாய் மாறவேண்டிய சுவை ஒரே சீராகிவிடுகிறது.

வீட்டில் செய்ய விரும்புவோர் முதலில் உணவகத்தில் குழம்புகளைத் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டித் தரச் சொல்லி, ஒவ்வொன்றையும் வெறும் சோற்றோடு சுவைத்துப் பார்ப்பது மிகவும் பயன் தரும். அதன்பின் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் மீன் கறித் தூளையும் இறைச்சிக் கறித் தூளையும் தனித்தனியே வாங்குங்கள். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக்கினால் குழம்புகளுக்கிடையே வேறுபாடு மறைந்து, கலப்பதற்கே பொருளில்லாமல் போகும். மீன் கறிக்கு வெந்தயம், கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தூளைத் தண்ணீரில் குழைத்துச் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை சிறு தீயில் பொறுமையாக வதக்கிய பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசி வரை போகாது. வெண்டைக்காயும் மீனும் பின்னர் சேர்ந்தால் போதும். குருமா எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதான்; அதைச் சற்றுக் கெட்டியாக இறக்குங்கள். கிச்சாப் இறைச்சிக்குப் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவோடு வெங்காயத்தை நன்கு சிவக்க வதக்க வேண்டும். கிச்சாப்பிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

மூன்றையும் சமைத்தவுடன் பரிமாறாமல் சில மணி நேரம் வைத்திருந்து மீண்டும் சூடாக்கினால், புளியும் மசாலையும் அடங்கி, உணவகக் குழம்பின் ஆழம் பெருமளவு வந்துவிடுகிறது. உதிரியாக வடித்த வெள்ளைச் சோற்றின்மேல் மீன் கறி இரண்டு அகப்பை, குருமா ஒன்று, கிச்சாப் குழம்பு அரை என்ற அளவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிச்சாப் கூடினால் இனிப்பு மற்ற இரண்டையும் மூடிவிடும்.

இவ்வளவு செய்தும், பெரிய பாத்திரங்களில் நாள் முழுவதும் இறைச்சிச் சாறு ஊறிய குழம்பின் கொழுமையை வீட்டுச் சட்டியில் முழுமையாகப் பெற முடியாது. ஏறக்குறைய அரை நாள் உழைப்பும் வேண்டும். இருவர் மட்டும் உண்பதாக இருந்தால் லெபோ கெம்பலில் வரிசையில் நிற்பதே மேல். பெருநாளுக்கோ தீபாவளிக்கோ உறவினர் பத்துப் பேர் கூடும் வீட்டில், முதல் நாள் இரவே மீன் கறியைத் தவிர மற்ற இரண்டையும் சமைத்து வைத்துக்கொள்ளுங்கள்; மீன் கறியை மட்டும் அன்று காலையில் வைத்தால் மீன் உடையாமல் இருக்கும்.