டர்போ சி++ லிங்கர் பிழை: மெனுவா, கட்டளை வரியா, புது கம்பைலரா?

டாஸ் காலத்து டர்போ சி++ 3.0 கம்பைலரில் கம்பைல் ஒழுங்காக முடிந்து, கோப்புகளையும் லைப்ரரிகளையும் ஒரே நிரலாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் கழுத்தறுத்தால் மூன்று வைத்தியம் சொல்வார்கள்: மெனுவில் அமைப்புகளைச் சரிபார், அதே கம்பைலரைக் கட்டளை வரியில் டிசிசி என்று ஓட்டிப் பார், இல்லையென்றால் ஜிசிசி என்ற இலவசப் புது கம்பைலருக்கு மாறிவிடு. எது பலிக்கும் என்று பிழைச் செய்தியே சொல்லிவிடும். அதைத்தான் யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

நிரலைத் தொடங்கிவைக்கும் சி0எஸ்.ஆப்ஜ் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் மெனுவே போதும். ஆப்ஷன்ஸில் டைரக்டரீஸ் போய் லைப்ரரி பாதையைத் திருத்துங்கள். டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் மவுண்ட் செய்த இடம் ஒன்று, அங்கே எழுதியிருக்கும் பாதை வேறொன்று என்பதுதான் வழக்கமான காரணம். கிராஃபிக்ஸைத் தொடங்கும் இனிட்கிராஃப் ஃபங்ஷன் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' (பெயர் எங்கும் கிடைக்கவில்லை) ஆனாலும் மெனுதான்: லிங்கர், லைப்ரரீஸ், கிராஃபிக்ஸ் லைப்ரரி, ஒரு டிக். ஹெடரைச் சேர்த்தால் லைப்ரரியும் தானாக வந்துவிடாது.

சொந்த ஃபங்ஷனையே காணோம் என்றால் என் ஓட்டு கட்டளை வரிக்கு. எந்தெந்தக் கோப்பு சேர்கிறது என்பதை நாமே எழுதுகிறோம். பிராஜெக்ட் திறக்காததால் இரண்டாவது கோப்பு விட்டுப்போயிருந்தால் அங்கேயே பிடிபடும். பெயர் வரும் விதத்தையும் கவனியுங்கள். முன்னால் அடிக்கோடு மட்டும் இருந்தால் லிங்கர் சி ஃபங்ஷனைத் தேடுகிறது; அடைப்புக்குறிக்குள் இன்ட், சார் என்று வகைகள் இருந்தால் சி++ ஃபங்ஷனை. ஒரு கோப்பை .சி ஆகவும் மற்றதை .சிபிபி ஆகவும் கம்பைல் செய்தால் இரண்டும் சந்திக்காது, பெயரை சி முறையில் வைக்கச் சொல்லும் எக்ஸ்டர்ன் "சி" வேண்டும். அடிக்கோட்டுக்குப் பின்னால் எழுத்துப்பிழையும் ஒளிந்திருக்கலாம்: பிரின்ட்எஃப்-இன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்தால், சி கம்பைலர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், லிங்கர்தான் மறிக்கும்.

'ஃபிக்ஸப் ஓவர்ஃப்ளோ' வந்தால் பெரும்பாலும் மெமரி மாடல் (நிரலும் தரவும் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்ற அமைப்பு) கலப்பு. ஸ்மால் மாடலில் பிறந்த ஆப்ஜெக்ட் கோப்பு லார்ஜோடு ஒட்டாது. பழைய .ஆப்ஜ் கோப்புகளை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே -எம்எல் (லார்ஜ் மாடல்) கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள்.

ஜிசிசிக்கு மாறுவது? வெறும் கணக்கும் கோப்பும் உள்ள நிரல் என்றால் தாராளமாக, டாஸ்பாக்ஸும் வேண்டாம். கிராஃபிக்ஸ் இருந்தால் யோசியுங்கள். டர்போ கிராஃபிக்ஸுக்கு மாற்றாக விண்டோஸில் கிடைக்கும் வின்பிஜிஐஎம் லைப்ரரிக்கு பிஜிஐ, ஜிடிஐ32 என்று லைப்ரரிகளை வரிசை தவறாமல் அடுக்கவேண்டும். 32 பிட் லைப்ரரி 64 பிட் கம்பைலரோடு ஒட்டாது; லைப்ரரி ஒன்று விட்டுப்போனாலோ, விட்டு வந்த அதே லிங்கர் பிழை 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்ற புதுப்பெயரில் வரும்.