ரூமி எழுத்தில் தேவாரம்: பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் கையேடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூஜைப் பொருள் கடைகளில் விபூதிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் இந்தக் கையேடு, தமிழ் வாசிக்கத் தெரியாத, மலாய் வழித் தேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தேவாரத்தை ரூமியில், அதாவது மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்தில், அச்சிட்டது. திருமுறை ஓதும் விழா நெருங்கும்போது பெற்றோர் கேட்டு வாங்குவதும் இதைத்தான். வாங்கலாம். ஆனால் இதை மட்டுமே நம்பிப் பாட வைத்தால் பாட்டு எங்கே கெடும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதல் பக்கத்திலேயே சம்பந்தரின் முதல் பதிகம். மேல்கோடு, கீழ்ப்புள்ளி எதுவும் இல்லாத ரூமி அச்சு என்பதால் ஓகாரத்துக்கும் ஒகரத்துக்கும் ஒரே எழுத்துதான். பிள்ளை 'தோடுடைய' என்பதைத் 'தொடுடைய' என்று படிக்கும். போவது பொருள் மட்டுமல்ல. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. குறைந்ததை ஈடுகட்டப் பிள்ளை அடுத்த 'டு'வை இழுக்கும், சந்தம் நொண்டும். தோடுடைய, காடுடைய, ஏடுடைய, பீடுடைய என்று நான்கடியும் நெடிலில் தொடங்குவதால்தான் அந்த எதுகை நிற்கிறது. ஓரடியில் குறுகினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

அடுத்த சிக்கல் மெய்யெழுத்துகளில். 'விடையேறி' என்பது 'விடையேரி' ஆகிறது. காளைமேல் ஏறியவர் குளக்கரைக்குப் போய்விடுகிறார். 'உள்ளங்கவர் கள்வன்' என்பதில் மூன்று ளகரமும் லகரமாகின்றன. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததே கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டித்தான். நம் பிள்ளைகளுக்கு மேடை கிடைக்கிறது; அதில் பாடுவது தமிழாகவே கேட்க வேண்டாமா?

திருத்த வழி உண்டு. பென்சிலால் ஒவ்வொரு ரூமி வரிக்கும் மேலே தமிழ் வரியை எழுதுங்கள். நெடிலுக்கு அடிக்கோடு, ழ, ள, ற, ண நான்குக்கும் வட்டம். 'விடை / ஏறி / ஓர்' என்று சொல் பிரித்துக் கோடு போட்டால் மூச்சு விடும் இடமும் தெரியும். ராகம் சேர்க்காமல் கையால் தட்டிக்கொண்டு ஐந்து முறை வாசித்த பிறகே பாட வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். ஆறு மாதத்தில் பிள்ளை மேல் வரியைப் பார்த்தே பாடும். பாடாவிட்டால் ரூமி வரியைத் தாளால் மறைத்துவிடுங்கள்.

பதிகத் தலைப்பில் பண் (பழந்தமிழ் இசை வகை) பெயர் மட்டும் இருக்கிறது, இன்று பாடும் ராகத்தின் பெயர் இல்லை. இது பெரிய குறை. நட்டபாடைக்கு கம்பீர நாட்டை, காந்தாரபஞ்சமத்துக்கு கேதாரகௌளை, கௌசிகத்துக்கு பைரவி, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். 'பஞ்சமம்' என்ற பண்ணைக் கண்டு ப சுரம் என்று குழம்ப வேண்டாம், அது ஆகிரி. அப்பரின் திருத்தாண்டகத்துக்குப் பண்ணும் இல்லை, தாளமும் இல்லை; ஓதுவார்கள் ஹரிகாம்போதியில் விருத்தமாகப் பாடுவார்கள். இந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு அதற்கும் தாளம் போடுகிறார்கள், நிறுத்துங்கள்.

பின்னட்டை கியூஆர் குறியீட்டில் வரும் ஒலிப்பதிவில் உச்சரிப்பு தெளிவு. ஆனால் ஆண் குரல், சுருதி ஏறக்குறைய இரண்டு கட்டை. பிள்ளைகள் அதோடு சேர்ந்து பாடினால் கீழ் சுரங்களில் குரல் அடைக்கும். கேட்க மட்டும் அதை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் சுருதிச் செயலியை ஐந்து கட்டைக்கு வைத்துத் தனியே பாடச் சொல்லுங்கள்.

தாள் மெல்லியது, பேனா மை மறுபக்கம் ஊறும். நடுவில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் கம்பி நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும். வாங்கியதும் அச்சுக்கடையில் கொடுத்துச் சுருள்கம்பி போட்டுவிடுங்கள்.