கனவு இல்லம், பிரதமர் வீடு: இரண்டும் திணறுவது தளம் போடும் நாளில்

வீட்டுத் திட்டம் யாருடையது என்ற சண்டை தமிழ்நாட்டில் ஆட்சிக்கு ஆட்சி நடக்கிறது. குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் ஆட்சி மாறியதும் நின்றது. அந்த இடத்தில் ஜெயலலிதா அரசின் பசுமை வீடு வந்தது: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சூரிய விளக்குக்கு. 2024இல் திமுக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவிக்கப்பட்ட பிறகு, போட்டி அதற்கும் 'பிரதமர் வீடு' என்று ஊரில் சொல்லும் மத்தியத் திட்டத்துக்கும்.

பிரதமர் வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம். 2016இல் வைத்த தொகை. மத்திய அரசு 72,000, மாநிலம் 48,000. கான்கிரீட் தளத்துக்காக, அதாவது மேற்கூரைக்காக, மாநிலம் தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. ஆக 2.40 லட்சத்தில் 1.68 லட்சம் மாநிலப் பணம். பெயர் மட்டும் பிரதமருக்கா என்று திமுக கேட்பதில் நியாயம் இருக்கிறது. கழிப்பறைக்கு 12,000, ஊரக வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி ஆகியவை தனி.

கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம். 360 சதுர அடியில் 300 கான்கிரீட் தளம். மீதி 60க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள்: சதுர அடிக்கு 972 ரூபாய். பிரதமர் வீட்டின் குறைந்தபட்ச அளவு 269 சதுர அடி, 2.40 லட்சத்தை அதால் வகுத்தால் 892. மேடையில் இவ்வளவு முழங்கும் வித்தியாசம் 80 ரூபாய். சிக்கனமாகக் கட்டினாலும் சதுர அடிக்கு 1,500 ஆகும் என்று வைத்தால் 360க்கு 5.40 லட்சம் வேண்டும். மீதி கந்துவட்டியிலோ நகைக்கடனிலோ வருகிறது.

அதைவிடப் பெரிய கோளாறு பணம் வரும் முறையில் இருக்கிறது. அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை), தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அதன் படம் இணையத்தில் ஏறிய பிறகுதான் தவணை. சுவரைக் கைக்காசு இருக்கும் அளவுக்கு நாலு வரி கட்டி நிறுத்தலாம். தளத்தை அப்படி நிறுத்த முடியாது. ஒரே நாளில் கொட்டியாக வேண்டும். நாலரை அங்குல கனத்தில் 300 சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய 26 மூட்டை சிமெண்ட், கால் டன்னுக்கு மேல் கம்பி. இவை ஊராட்சி ஒன்றியக் கிடங்கில் கிடைத்துத் தவணையில் கழிந்தாலும், ஜல்லி, எம் சாண்ட், சென்ட்ரிங் (தளம் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) வாடகை, மிக்சர் மிஷின், ஆள்கூலி எல்லாம் ரொக்கம். லிண்டல் மட்டத்தில் செடி முளைத்து நிற்கும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன. வாடகை ஏறுகிறதென்று கான்கிரீட் நன்றாக இறுகும் முன்பே சென்ட்ரிங்கைப் பிரித்துத் தளத்தில் வெடிப்பு விடுவதும் இதே பணநெருக்கடியால்தான்.

ஆணை வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது: பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது, தவணை அங்கேதான் தொங்கும். எப்படியும் கட்டுகிறோம் என்று 600 சதுர அடிக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டாதீர்கள். முதல் தவணை முழுக்க மண்ணுக்குள் போய்விடும். 360ஐ முடித்து, விரிக்கப்போகும் பக்கத்துச் சுவரில் கொத்தனாரைப் பல் விட்டு, அதாவது பின்னால் புதுச் சுவர் கோத்துக்கொள்ளச் செங்கல் நுனிகளை நீட்டிவிட்டு, கட்டச் சொல்லுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கனவு இல்லம் மேல். தொகையும் இடமும் கூடுதல். எந்த அரசானாலும் தளத் தவணையில் பாதியை, சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிய நிலையிலேயே ஓவர்சியர் பார்த்து விடுவிக்க வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி சரியா, அடியில் கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கான்கிரீட் கொட்டிய பிறகு எடுக்கும் படத்தில் அது எதுவும் தெரியாது.