‘அன்ரிக் ரிவோல்வருக்கு லைசன்ஸ் வேண்டாம்’ என்று சொல்லும் பார்சல்காரரிடம் கவனம்

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பழைய கைத்துப்பாக்கி ஒன்றை யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் இதை முழுதாக வாசியுங்கள். வாங்குவதற்கு முன்னமே வாசித்தால் இன்னும் நல்லது.

தெல்லிப்பழைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மாட்டுப்பட்ட விதம் இது. மகன் 2023இல் லண்டனில் வெப்லி ஆர்.ஐ.சி. ரிவோல்வர் ஒன்றை வாங்கினார். .442 தோட்டா போடும் வகை. விற்றவர் ‘அன்ரிக் (மிகப் பழைய அரும்பொருள்), லைசன்ஸ் தேவையில்லை’ என்று ஒரு தாளும் கொடுத்தார். தாளில் இருந்த திகதி 2019. அதைப் பார்த்த பார்சல் முகவர், “இதுக்கு ஒண்டும் தேவையில்லை தம்பி, வீட்டுச் சாமானோட போட்டுவிடுறன், கொழும்பில எங்கட ஆக்கள் எடுப்பினம்” என்றார். ‘அன்ரிக் கிளியரன்ஸ்’ என்று தனியாகவும் காசு வாங்கிக்கொண்டார்.

கொழும்பில் சுங்கம் பொதியை மறித்தது. அன்றோடு முகவரின் தொலைபேசியும் ஓய்ந்தது. கையில் மிஞ்சிய பற்றுச்சீட்டில் ‘பாவித்த பாத்திரம், உடுப்பு, 2 பெட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தது. துப்பாக்கி என்ற சொல்லே அதில் இல்லை. பெறுநர் என்ற இடத்தில் தகப்பனின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். விசாரணைக்கு ஏறி இறங்கியவர் எழுபது வயது கடந்த அந்த மனிதர்தான். முகவர் எந்தத் தாளிலும் இல்லை.

இதில் இரண்டு மோசடி இருக்கிறது. முதலாவது அந்தத் தாள். பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, அலங்காரப் பொருளாக வைத்திருக்கும் அன்ரிக்குகளுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் 2021 மார்ச் 22இல் புதிய விதிகள் வந்து, விலக்குக்குத் தகுந்த பழைய தோட்டாக்களின் பட்டியலிலிருந்து ஏழு வகைகளை எடுத்துவிட்டன; அவற்றைப் போடும் துப்பாக்கிகளுக்கு இனி விலக்கு இல்லை. .320 பிரிட்டிஷ், .41 கோல்ற், .44 ஸ்மித் அன்ட் வெசன் ரஷ்யன், .442, 9.4 மிமீ டச்சு, 10.6 மிமீ ஜெர்மன், 11 மிமீ பிரெஞ்சு 1873 என்பவை அவை. ஆகவே 2019இல் உண்மையாக இருந்த தாள் 2023இல் வெறுங்காகிதம். லைசன்ஸ் இல்லாமல் அந்த ரிவோல்வரை வைத்திருப்பதே அங்கே குற்றம். எந்தத் தோட்டாவுக்குச் செய்தது என்பதும் தாள் எழுதிய திகதியும் தெரியாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது மோசடி ‘அன்ரிக்’ என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. அதன் பொருள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது அன்ரிக். கனடாவில் 1898க்கு முன் செய்திருக்க வேண்டும்; அதோடு தோட்டாவின் வகையையும் பார்ப்பார்கள். 1890இல் செய்த .45 கோல்ற் ரிவோல்வர் அமெரிக்காவில் அன்ரிக். எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் வந்தால் இல்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் இறுக்கம்: பழைமையாக இருந்தால் போதாது, திருத்தினாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். “சென்னையில் மாறிப் பலாலியில் இறங்கலாம், செக்கிங் குறைவு” என்று யாராவது வழி சொன்னால், உங்களை இரண்டு நாட்டுச் சட்டத்துக்குள் தள்ளுகிறார் என்று அறியுங்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1898 போல வேறு நாடு வைத்த ஆண்டெல்லை அதற்கு முன்னால் செல்லாது. பிரித்தானியாவில் செயலிழக்கச் செய்து முத்திரை குத்திய துப்பாக்கியும் அப்படித்தான், அந்தச் சான்றிதழை நம்பி இங்கே இறக்க முடியாது.

சரியான ஒழுங்கு தலைகீழானது: முதலில் இங்கே, பிறகு அங்கே. கைத்துப்பாக்கி விஷயம் கச்சேரியோடு (மாவட்டச் செயலகத்தோடு) முடியாது; பாதுகாப்பு அமைச்சின் எழுத்துமூல அனுமதி பெறுநரின் பெயரில் வர வேண்டும். விண்ணப்பத்தோடு செய்தவர் பெயர், மாதிரி, தோட்டா வகை, தொடர் இலக்கம், குழாயின் நீளம் எல்லாம் கொடுங்கள். குழாயிலும் சுழல் உருளையிலும் உள்ள சோதனை முத்திரைகளை (சுட்டுச் சோதித்ததைக் காட்டும் குறிகளை) கிட்டவாகப் படம் எடுத்து இணையுங்கள். கண்ணாடி அலுமாரியில் வைக்க ஆசை என்ற காரணத்துக்கு ‘இல்லை’ என்ற பதில்தான் வரும் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். அப்படி வந்தால் பொருள் அங்கேயே இருக்கட்டும். அனுமதி கிடைத்த பிறகுதான் அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி, விமானம் மாறும் ஒவ்வொரு நாட்டின் இடைவழி அனுமதி, ஆயுதம் ஏற்றச் சம்மதிக்கும் சரக்கு நிறுவனம் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

பிடியையும் பாருங்கள். பழைய ரிவோல்வர்களில் சிலதுக்கு யானைத்தந்தப் பிடி இருக்கும். வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் அது தந்தம். எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கீறல்களும் தெரியும். தந்தம் என்றால், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் கீழ் வேறு அனுமதி வேண்டும். துப்பாக்கிக்கு எல்லாம் சரியாக இருந்தும் பிடியால் பொதி நிற்கலாம். பழைய தோட்டா ஒன்றைக்கூட ‘நினைவுக்கு’ என்று பெட்டியில் போடாதீர்கள். தோட்டாவுக்கும் அனுமதி வேண்டும்.

பொதி ஏற்கனவே கப்பலில் என்றால் முகவரின் அடுத்த வாக்குறுதிக்காகக் காத்திருக்காதீர்கள். காசு கட்டிய ஆதாரம், வட்ஸ்அப் செய்திகள், பற்றுச்சீட்டு, விற்றவரின் தாள் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். பொதி துறைமுகத்துக்கு வருமுன் அவர் மூலம் சுங்கத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். திறந்து பார்த்த பிறகு சொல்வதற்கு அந்த மதிப்பு இராது. பெறுநராக வீட்டிலுள்ள பெரியவர்களின் பெயரைக் கொடுத்திருந்தால் அவர்களிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், சட்டத்தரணி பக்கத்தில் இல்லாமல் போடவேண்டாம்.